உதட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள்

ஹிஸ்காவுக்கு நாற்பத்தைந்து வயது நிறைந்த சனிக்கிழமை, அவள் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வருடா வருடம் அதே வட்டம், அதே ஆட்கள், நடுவில் அதே காபி மேசை. பிறந்தநாள் ஒருத்திக்குத்தான் என்றாலும் வாழ்த்து வட்டத்துக்கே. புதிதாக உள்ளே வருகிறவர் ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் கைகுலுக்க வேண்டும். கணவனிடம் “மனைவிக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்”, அத்தையிடம் “மருமகளுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்”, பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட “அண்டை வீட்டுக்காரிக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்”. கூடத்தின் நடுவில் நின்று மொத்தமாகக் கையசைத்துவிட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அடுத்த பிறந்தநாள் வரைக்கும் பேச்சு ஓடும்.

யெல்மர் கடைசியாக வந்தான். ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் ஃபென்னாவின் கை. ஃபென்னாவுக்கு இரண்டு வயதாகப் போகிறது. அவள் அவன் மகள் அல்ல. ஹிஸ்காவின் தங்கை யோரின்டாவின் மகள். யோரின்டாவும் யெல்மரும் போன வருடத்திலிருந்து ஒன்றாக வாழ்கிறார்கள். யோரின்டா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அன்று வேலை முடிந்து சாயங்காலம்தான் வர முடியும் என்பதால், அவள் வீட்டாரின் வட்டத்துக்குள் யெல்மர் முதன்முறையாகத் துணையில்லாமல் குழந்தையோடு நுழைந்தான்.

வட்டத்தின் அந்தக் கோடியில் சியெர்ட் உட்கார்ந்திருந்தான். ஃபென்னாவின் அப்பா. ஃபென்னா தவழத் தொடங்குவதற்கு முன்பே அவனும் யோரின்டாவும் பிரிந்துவிட்டார்கள். ஆனாலும் சியெர்ட் ஒரு பிறந்தநாளையும் விட்டதில்லை. ஹிஸ்காவின் கணவன் வுபோ அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. விவாகரத்து மனைவியோடுதான், சகலையோடு அல்ல என்பது அவன் கட்சி. போதாக்குறைக்கு, ஃபென்னா அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போக வேண்டிய முறை. இங்கிருந்தே கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

யெல்மர் அன்று கவனமாக நடந்துகொள்ள வேண்டியதற்கு வேறு காரணமும் இருந்தது. அவன் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருப்பவன். நாட்டின் தென்மேற்குக் கோடியில், ஸேலாண்டு என்கிற கடலோர மாகாணத்தில், பாலங்களுக்கும் மதகுகளுக்கும் மேற்பார்வையாளர் வேலை அவனைத் தேடி வந்திருந்தது. வீடும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். யோரின்டாவுக்கும் போகத்தான் ஆசை. ஆனால் அப்பா ஒப்புக்கொள்ளாமல் குழந்தையை அத்தனை தூரம் கொண்டுபோக முடியாது. சியெர்ட் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “அந்த ஆளு அவகிட்ட எப்படி நடந்துக்கறாருன்னு என் கண்ணால பாக்கணும். அப்புறம் சொல்றேன்” என்று சொல்லியிருந்தான். பார்ப்பதற்கு வாய்த்த நாள் இதுதான்.

யெல்மர் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுக் கைகுலுக்கத் தொடங்கினான். மூன்றாவது நாற்காலியில் ஆல்த்யா அத்தை. இந்த அத்தை ஒருவர் கையைப் பிடித்தால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை விடமாட்டாள். சொல்ல வருவதும் கொஞ்சமாக இருக்காது.

“ஸேலாண்டுக்குப் போறீங்களாமே? அங்க காத்து ஆளையே தூக்கிட்டுப் போகும். இங்க பாலம் தூக்கறது பத்தலையா உங்களுக்கு?”

“இன்னும் ஒண்ணும் முடிவாகல அத்தை.”

அத்தை அவன் வலது கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஃபென்னா அவன் இடது கையிலிருந்து நழுவி நேராக அப்பாவிடம் ஓடினாள். சியெர்ட் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்து, மேசையில் இருந்த நீளமான ரொட்டிக்குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வாயில் வைத்துக்கொண்டு திரும்பவும் யெல்மரிடம் ஓடிவந்தாள். யெல்மர் பார்த்தான். கை அத்தையிடம் இருந்தது. உதறிவிட்டுத் தாவியிருக்கலாம். ஆனால் கைகுலுக்கும்போது யாரும் பாதியில் உதறி அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அந்த ஒரு நொடித் தயக்கத்தில் ஃபென்னா விரிப்பின் ஓரம் தடுக்கி, மேசை விளிம்பில் வாய் மோதி விழுந்தாள்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு வீடே அதிர்ந்தது. வாய் நிறைய ரத்தம், தாடையில் ரத்தம், புதுச் சட்டையில் ரத்தம். எச்சிலோடு கலந்துவிட்டால் ஒரு தேக்கரண்டி ரத்தம் ஒரு கிண்ணமாகத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கு அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. யெல்மர் அவளை வாரி எடுத்தான். சியெர்ட் மறுபக்கத்திலிருந்து அதே வேகத்தில் வர, இருவர் நெற்றியும் முட்டிக்கொண்டன.

“பல்லு போச்சா? பல்லு போச்சா பாரு!” என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்று கத்தினார்.

“போயிருந்தா பால்ல போட்டு வை! உடனே சொருகினா ஒட்டிக்கும்!” என்றாள் ஆல்த்யா அத்தை.

“அது பெரியவங்க பல்லுக்கு அத்தை” என்றாள் ஹிஸ்கா, கைத்துண்டோடு ஓடிவந்து. “பால்பல்லைத் திருப்பிச் சொருகக் கூடாதுன்னு எங்க பல் டாக்டர் சொல்லியிருக்காங்க.”

பல் போகவில்லை. யெல்மர் விடுமுறை நாள் மருத்துவரின் எண்ணுக்கு அழைத்தான். பக்கத்தில் நின்ற சியெர்ட்டுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டான். ஒரு செவிலி எடுத்தாள். தினமும் பத்து வாய்க்காயம் கேட்டவளின் குரல், பரபரப்பே இல்லை.

“மயக்கம் போட்டாளா? வாந்தி?”

“இல்ல. உடனே அழுதா.”

“நல்லது. அழட்டும். ரத்தம் எங்கிருந்து வருது?”

“மேலுதட்டுக்கு உள்ள இருந்து. தெரியல. நெறைய வருது.”

“விழும்போது வாயில ஏதாவது இருந்துதா?”

யெல்மர் பதில் சொல்வதற்குள் சியெர்ட் சொன்னான். “ரொட்டிக்குச்சி. நான்தான் கொடுத்தேன்.” முகம் வெளுத்திருந்தது. அவன் மறைத்திருக்கலாம், யெல்மர் தலையில் பழி விழுந்திருக்கும். மறைக்கவில்லை. அதை யெல்மர் கவனித்துக்கொண்டான்.

“அப்போ ஒரு தடவை தொண்டை வரைக்கும் பாத்துடணும். குச்சி குத்தி மேலண்ணத்துல காயம் இருந்தா இங்க கூட்டிட்டு வரணும். ரெண்டு பேரு இருக்கீங்களா? ஒருத்தர் மடியில வச்சுக்கோங்க, இன்னொருத்தர் டார்ச் அடிங்க. அழும்போது வாய் தானாத் திறக்கும், அப்போ பாத்துக்கோங்க.”

யெல்மர் மடியில் வைத்துக்கொண்டான். சியெர்ட் கைபேசி விளக்கை அடித்தான். ஃபென்னா தாராளமாக ஒத்துழைத்தாள், அத்தனை பெரிதாக வாயைத் திறந்து அழுதாள். அண்ணத்தில் ஒன்றுமில்லை, நாக்கிலும் இல்லை. பற்களை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்கள். ஆடவில்லை, உள்ளே போகவுமில்லை. மேலுதட்டைத் தூக்கினால், உதட்டையும் ஈறையும் நடுவில் சேர்த்துப் பிடித்திருக்கும் சின்னச் சவ்வு கிழிந்து தொங்கியது. அவ்வளவுதான். மேசைக்கடியில் ஹிஸ்கா ரொட்டிக்குச்சியைக் கண்டெடுத்தாள். இரண்டாக ஒடிந்து கிடந்தது, ஊறிய நுனியில் ரத்தம் இல்லை.

“அந்தச் சவ்வு கிழிஞ்சா பாக்கத்தான் பயங்கரம்” என்றாள் செவிலி. “தையல் வேண்டாம், தானா ஆறிடும். ஈரத்துணியை வச்சு வெளியிலேருந்து உதட்டைப் பல்லோட சேத்து அழுத்துங்க, பத்து நிமிஷம். நடுவுல எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. அப்புறம் குளிர்ச்சியா ஏதாவது கொடுங்க, தயிர் போதும். காரம், புளிப்பு, மொறுமொறுப்பு வேண்டாம். வலிச்சா வயசுக்குத் தகுந்த பாராசிட்டமால். பத்து நிமிஷம் விடாம அழுத்தியும் நிக்கலைன்னா, இல்ல பல்லு ஆடினா, திரும்பக் கூப்பிடுங்க.”

“சரி.”

“முக்கியமானது இப்பத்தான் சொல்லப்போறேன். மூணு நாளைக்கு யாரும் உதட்டைத் தூக்கிப் பாக்கக் கூடாது. தூக்கினா திரும்பவும் கிழிஞ்சு ரத்தம் வரும். எல்லாரும் சரின்னுதான் சொல்றாங்க. ஒருத்தராலயும் முடியறதில்ல.”

யெல்மர் அதை வட்டத்துக்கு உரக்கச் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்னபடி அழுத்தியதும் ரத்தம் நின்றது. ஃபென்னா விசும்பல் அடங்கி, மேசையிலிருந்த பாலாடைக்கட்டித் துண்டுகளை எண்ணத் தொடங்கினாள். ஒன்றுக்குப் பிறகு அவளுக்கு ஐந்துதான். யெல்மர் அவளை ஹிஸ்காவின் மடியில் உட்காரவைத்துவிட்டு, தயிர் எடுக்க அடுக்களைக்குப் போனான். குளிர்ப்பெட்டிக் கதவைத் திறந்த நேரத்தில் கூடத்திலிருந்து அலறல் கேட்டது.

ஆல்த்யா அத்தை உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

“நான் அழுத்தவே இல்ல, லேசாத்தான் தூக்கினேன்” என்றாள் அத்தை, விரலில் ரத்தத்தோடு. “நல்லா இருக்கான்னு பாக்க வேண்டாமா? சும்மா ஒரு அக்கறைதான்.”

மறுபடி துணி, மறுபடி அழுத்தம். நின்றது. இப்போது வுபோ எழுந்தான். வுபோ வேலை பார்க்கும் அலுவலகத்தில் தீப்பிடித்தாலோ யாராவது மயங்கி விழுந்தாலோ ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு முன்னால் ஓட வேண்டிய ஆள் அவன்தான். இதுவரை தீயும் பிடிக்கவில்லை, யாரும் மயங்கவுமில்லை. பயிற்சி மட்டும் வருடம் தவறாமல் நடக்கிறது.

“அத்தை தூக்கின விதம் தப்பு. இதுக்கு ஒரு முறை இருக்கு. நான் சான்றிதழ் வாங்கினவன்” என்றான்.

“வுபோ, வேண்டாம்...” என்று யெல்மர் தொடங்குவதற்குள், வுபோ முறைப்படி தூக்கிவிட்டான். முறைப்படியே ரத்தமும் வந்தது.

அப்போதுதான் யெல்மருக்குக் கோபம் வந்தது. சாதாரணமாக அவனுக்குக் கோபம் வராது. பாலத்தைத் தூக்குவதற்காகச் சாலையில் தடுப்புக்கட்டையை இறக்கிவிட்டால் காருக்குள்ளிருந்து திட்டுகிறவர்களைப் பார்த்துப் புன்னகைத்தே பழகியவன். குழந்தையை வாங்கிக்கொண்டு, நாற்காலியை வட்டத்திலிருந்து வெளியே இழுத்துச் சன்னலோரம் போட்டு, வெளியே பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். அந்த வீட்டில் வட்டத்துக்கு முதுகைக் காட்டி யாரும் உட்கார்ந்ததில்லை.

“இனிமே ஒருத்தரும் இவ வாய்கிட்ட வரக்கூடாது” என்றான்.

“அடேயப்பா!” என்றாள் அத்தை. “பாலத்துல கட்டை இறக்கற மாதிரியே இறக்கிட்டாரே.”

யாரோ சிரித்தார்கள். பிறகு காபி ஊற்றும் சத்தம் கேட்டது. துணியை அழுத்தியபடி யெல்மர் அவளுக்குச் சன்னல் வழியே கால்வாயில் போகும் படகைக் காட்டினான். ஃபென்னாவின் தலை அவன் நெஞ்சில் சாய்ந்தது. துணியை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. தயிரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது சியெர்ட் வந்து பக்கத்தில் நின்றான்.

“பல்லை இன்னொரு தடவை பாத்துடறேன். அப்போ பதட்டத்துல சரியாப் பாக்கலைன்னு தோணுது.”

“நல்லாத்தான் பாத்தோம். ரெண்டு பேருமே பாத்தோம்.”

“ஒரே ஒரு தடவை.”

“வேண்டாம் சியெர்ட்.”

சியெர்ட்டின் குரல் தாழ்ந்தது. “நான் அவ அப்பா.”

யெல்மர் அண்ணாந்து பார்த்தான். இந்த ஆள் தலையசைத்தால் ஸேலாண்டு, தலையை ஆட்டி மறுத்தால் ஒன்றுமில்லை. அந்த வீடு, கடலைப் பார்த்த சன்னல், யோரின்டா ஏற்கனவே மனத்தால் வண்ணம் பூசி முடித்துவிட்ட குழந்தையின் அறை, எல்லாம் இந்த ஆளின் வாய்ச்சொல்லில் இருக்கின்றன. பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவது சுலபம். இரண்டு சொட்டு ரத்தம் வரும், நின்றுவிடும், குழந்தை நாலு நிமிடம் அழும். அவனுக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது.

“நீங்க அப்பாதான். யாரு இல்லைன்னா?” என்றான். “ஆனாலும் தொட விடமாட்டேன். இப்பத்தான் அழுகை நின்னுருக்கு.”

சியெர்ட் அப்படியே நின்றான். அவன் கை பாதி நீண்டிருந்தது. ஃபென்னா அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தயிர்க் கரண்டியைக் கவ்வினாள். சியெர்ட் கையை இழுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனான். போச்சு, என்று நினைத்துக்கொண்டான் யெல்மர்.

யோரின்டா சீருடையோடு வந்து சேர்ந்தாள். செய்தி அவளுக்குக் கைபேசியிலேயே போயிருந்தது. செய்தியை யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஆளுக்கொரு பதிப்பு அனுப்பியிருந்தார்கள். யாருக்கும் கைகொடுக்காமல், அக்காவுக்கே வாழ்த்துச் சொல்லாமல், நேராகச் சன்னலுக்கு வந்தாள்.

“தொடவே விடமாட்டேங்கறார்” என்றாள் அத்தை பின்னாலிருந்து. “நீயே பாரும்மா, பெத்தவ நீ.”

ஃபென்னாவின் உதடு வீங்கியிருந்தது. யோரின்டாவின் விரல் தானாகவே அங்கே போனது. யெல்மர் வாயைத் திறந்தான். சியெர்ட்டிடம் சொன்னதை இவளிடம் சொல்ல நா எழவில்லை. ஆனால் விரல் உதட்டைத் தொடாமல் நின்றது.

“நீ பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன். ஒரு தடவை.”

“அப்போ நான் பாத்த மாதிரிதான்.”

சொல்லிவிட்டு அவள் குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்து, அக்காவிடம் திரும்பி வாழ்த்துச் சொல்லி, முதல் நாற்காலியிலிருந்து கைகுலுக்கத் தொடங்கினாள்.

விருந்து முடிந்து ஆட்கள் கிளம்பினார்கள். சியெர்ட்டின் காரில் குழந்தை இருக்கையின் வாரைப் பூட்டும்போது யெல்மர் பக்கத்தில் நின்று சொன்னான். பல் தேய்க்கும்போது மேல்வரிசையை இன்றைக்கு விட்டுவிடுங்கள், ராத்திரி சாப்பாடு ஆறியதாக இருக்கட்டும், மூன்று நாள் கழித்துப் பல் மருத்துவரிடம் நாங்கள் காட்டிவிடுகிறோம். சியெர்ட் ஒன்றொன்றுக்கும் தலையாட்டினான். கார்க் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தான்.

“ஸேலாண்டு பத்தி நீங்க கேக்கல.”

“இன்னிக்குக் கேக்க வேண்டாம்னு இருந்தேன்.”

“நீங்க அவகிட்ட மோசமா இருக்கணும்னு ஆசப்பட்டுத்தான் இன்னிக்கு வந்தேன். அப்படி இருந்திருந்தா, அதான் பாருங்களேன்னு சொல்லி முடியாதுன்னுருப்பேன். சுலபமா இருந்திருக்கும்.” காரின் கூரையைத் தடவினான். “இப்போ ஒரு காரணமும் இல்லாம முடியாதுன்னு சொல்லணும். என்னால அவளை அவ்வளவு தூரம் விட முடியாது யெல்மர். மாசத்துக்கு ரெண்டு தடவை பாத்தா, நான் யாருன்னே அவளுக்கு மறந்துபோயிடும்.”

யெல்மருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தான். அவள் தன் காலணியைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தாள்.

“யோரின்டாகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றான்.

சொன்னான். வீட்டுக்கு நடந்து போகும் வழியில் சொன்னான். யோரின்டா கால்வாய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். சியெர்ட்டைத் திட்டினாள், அவன் அம்மாவைத் திட்டினாள், ஸேலாண்டையும் ஒரு வார்த்தை திட்டினாள். வீட்டுக்குப் போய் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். அந்த வேலை பற்றி இருவரும் பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைகூட வராத வேலை அது.

தட்டுகளைக் கழுவும்போது யெல்மரின் கைபேசி அடித்தது. சியெர்ட். யோரின்டாவுக்கு அல்ல, அவனுக்கு. ஈரக்கையோடு எடுத்தான்.

“என்ன ஆச்சு? ரத்தமா?”

“இல்ல, இல்ல. நல்லாத் தூங்கிட்டா. தயிர் சாப்பிட்டா, பால் குடிச்சா.” சியெர்ட் கிசுகிசுத்தான். குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே பேசுகிறான் போல. “வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறா. உதடு லேசா மேல ஏறியிருக்கு. கொஞ்சம் தூக்கினாப் போதும், தெரிஞ்சிடும்.”

“தூக்காதீங்க.”

“தெரியும். கை நமநமங்குது. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டே இருங்களேன்.”

“மொதல்ல அந்த ரூமை விட்டு வெளிய வாங்க.”

மரத்தரை கிறீச்சிட்டது. ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. யோரின்டா துடைக்கும் துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டேன்” என்றான் சியெர்ட்.

“கீழ இறங்கி வாங்க. காபி போட்டுக்கோங்க.”

படிகளில் காலடி கேட்டது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சியெர்ட் மறுபடி பேசியபோது கிசுகிசுப்பு போய்ச் சாதாரணக் குரல் வந்திருந்தது.

“அவளை விட முடியாதுன்னு மட்டும்தான் அப்போ நெனச்சேன்” என்றான். “நீங்க அங்க போயிட்டா, இந்த மாதிரி நேரத்துல நான் யாரைக் கூப்பிடுவேன்?”